செல்வராசு மாஸ்டர் வெட்டிய ரூட்

செல்வராசு மாஸ்டர் போய்விட்டார். காலையில் ஆறு மணிக்கு போன்... இன்னும் நம்ப முடியவில்லை.

நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் கம்பெனியின் பேட்டர்ன் மாஸ்டர். டி-ஷர்ட்டின் முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாவற்றுக்கும் அட்டையில் அளவு வெட்டிக் கொடுப்பவர். நான் அங்கே மெர்ச்சண்டைசர், ஆர்டரை நேரத்துக்கு அனுப்ப வேண்டியவன். சாம்பிள் லேட் என்று வாரத்தில் ஆறு நாளும் அவரோடு எனக்குச் சண்டை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாங்கள் சைக்கிள்காரர்கள்.

சுகர் எகிறி, டாக்டர் திட்டி, நான் ஒரு கிராவல் பைக் வாங்கினேன். ஆபீஸில் போட்டோ காட்டிக் கொஞ்சம் ஓவராகவே அலட்டிக்கொண்டேன்.

மாஸ்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "கிராவல் ரோட்டுல போறதுக்குன்னே தனி சைக்கிளுங்களா சார்? எங்க பக்கம் எல்லாச் சைக்கிளும் அதுலதானுங்க போச்சு."

அடுத்த வாரம் தன் பழைய சைக்கிளுக்குப் பட்டை டயர் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். அந்த மனுஷன் முன்னால் போக, நான் பின்னால் நாய் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு போனேன்...

சைக்கிள்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு அணைப் பக்கம் போய் இறங்குவோம். அமராவதி அணை, திருமூர்த்தி அணை, நடுவில் வாய்க்கால் மேட்டுப் பாதைகள். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் திராட்சைப் பந்தல், எதிரே மலை. சின்ன வயதில் பார்த்த இடம்தான், ஆனால் இவ்வளவு அழகு என்பது அவர் பின்னால் மிதித்தபோதுதான் கண்ணில் பட்டது.

மலையடிவாரத்தில் போனுக்கு டவர் கிடைக்காது. அதனால் ரூட்டையும் பேட்டர்ன் அட்டையிலேயே வெட்டிவிடுவார். கிளம்பின இடத்துக்கே திரும்பி வருகிற மாதிரி, வட்டமாக ஒரு துண்டு. ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டு, நாட்ச். ஒவ்வொன்றின் பக்கத்திலும் டீ, பஞ்சர், தண்ணி என்று எழுதியிருப்பார்.

துணிக்கு ஃபேஸ் சைடு, அதாவது வெளியே தெரிய வேண்டிய பக்கம் பார்ப்பதுபோல, எந்தப் பக்கம் மேலே என்று தெரிய எஃப் என்று பெரிதாக ஒரு எழுத்து. அட்டையைத் திருப்பிப் பிடித்தால் இடது வலதாகிவிடும் இல்லையா!

துவைத்தால் துணி சுருங்கும் என்று அளவைக் கூட்டி வெட்டுவதுபோல, தூரத்துக்கும் ஷ்ரிங்கேஜ் சேர்ப்பார். ஐம்பது கிலோமீட்டர் என்றால் ஐம்பத்தைந்து என்று எழுதுவார். ஏன் மாஸ்டர் என்றால், "ரோடு சுருங்காதுங்க சார்... நீங்க சுருங்கிருவீங்க."

அவரிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டிருந்தேன். கொமரலிங்கம் பக்கம் மட்டும் ரூட் வேண்டாம்.

அது என் சொந்த ஊர். தம்பி குணா அங்கேதான் திராட்சை போட்டிருக்கிறான். அப்பா போன பிறகு கிணற்றுத் தண்ணீர் முறையில் வார்த்தை தடித்து, ஆறு வருஷம் பேச்சே இல்லை. அவன் மகள் காதுகுத்துக்குக்கூட நான் போகவில்லை.

மாஸ்டர் ஏன் என்று கேட்கவில்லை. "சரிங்க சார்" என்றார். அன்றிலிருந்து எல்லா அட்டையிலும் அந்த ஊர் வரும் இடத்தில் டி-ஷர்ட்டுக்குக் கழுத்து வெட்டின மாதிரி ஒரு குழி இருக்கும். ஊரைத் தொடாமல் சுற்றிப் போவோம்.

போன தையில் ஒரு ஞாயிறு. அணைக்குக் கீழே முதல் பிரிவில் மாஸ்டர் வலது பக்கம் திரும்பினார். வாய்க்கால் மேட்டில் நான் தலையைக் குனிந்தபடி பின்னாலேயே மிதித்தேன். தென்னந்தோப்பு தாண்டி நிமிர்ந்தால், எங்கள் ஊர்!

"மாஸ்டர், எங்கே கூட்டிட்டு வந்தீங்க?" என்று கத்திவிட்டேன்.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடடா... ஃபேஸ் சைடு மாறிப் போச்சுங்க சார். ரெண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வெட்டின மாதிரி ஆயிப்போச்சு."

திரும்பலாம் என்றேன். பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினார். "காலைல ரொப்ப மறந்துட்டனுங்க. இந்தத் தோட்டத்துல ஒரு வாய் தண்ணி கேட்டுக் குடிச்சுப்போட்டுப் போயிரலாங்க."

நான் சொல்வதற்குள் படலைத் தள்ளிவிட்டார். பந்தலுக்கு அடியிலிருந்து குணா வந்தான். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

"அண்ணா... சைக்கிள்லயா வந்தீங்க?"

நான் சைக்கிளைப் பந்தல் காலில் சாய்த்து நிறுத்தினேன். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து முதலில் என்னிடம்தான் நீட்டினான். "குடிங்ணா. ஊட்டுக்கு வாங்க, சாப்பிட்டுத்தான் போகோணும்."

சாப்பிட்டோம். மாஸ்டர் மட்டும் வெளியே போய், டயரில் காற்று இல்லை என்று ரொம்ப நேரம் பம்ப் அடித்துக்கொண்டிருந்தார்...

இன்று காலை நல்லூரில் அவர் வீட்டுக்குப் போனேன். சுவரில் எல்லா ரூட் அட்டையும் கொக்கியில் வரிசையாகத் தொங்கின. அந்த ஞாயிற்றுக்கிழமை அட்டையைத் தேடி எடுத்தேன்.

எஃப் மேலே இருக்கும்படி பிடித்துப் பார்த்தேன்; முதல் பிரிவில் வலதுதான், எதுவும் மாறவில்லை. கொமரலிங்கம் வரும் இடத்தில் குழி இல்லை. நாட்ச் வெட்டியிருந்தது. பக்கத்தில் அவர் கையெழுத்தில் 'தண்ணி'. குணாவின் தோட்டத்தை யாரிடம் விசாரித்து வைத்திருந்தாரோ.

அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

தகவல் சொன்னதும் குணா கிளம்பி வந்துவிட்டான். இதை டைப் பண்ணும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். மதியம் மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். தூக்குவதற்கு நாங்கள் இரண்டு பேரும் நிற்போம்.

போய்ட்டு வாங்க மாஸ்டர். ரொம்ப நன்றிங்க.

கட்டிங்ல தப்பே இல்லீங்க.