ஆயில் லைட்டும் ஒரு முழம் செவ்வந்தியும்

1986 அக்டோபர் 16, வியாழக்கிழமை, காலை ஏழு பத்து. அதியமான்கோட்டையில் தூறல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்காக எங்கள் மகள் பத்து மணி ரயிலில் பொம்மிடிக்கு வருகிறாள். துணைக்கு வரும் மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. அடுத்த வண்டியிலேயே திரும்ப வேண்டும். அங்கிருந்து வரும் குண்டும் குழியுமான சாலையில் அவளை பஸ்ஸில் ஏற்ற எனக்குத் தைரியமில்லை.

அதற்காகவே ஆயுத பூஜைக்கு முந்தின நாள், மெக்கானிக்கை நம்பாமல், நானே என் பழைய காருக்கு அடியில் படுத்து ஆயில் மாற்றினேன். பூஜையன்று ஸ்டீரிங்குக்கும் பானட்டுக்கும் பொட்டு வைத்தேன். பிறகு வண்டியை எடுக்கவில்லை.

வியாழனன்று ஸ்டார்ட் செய்தேன். இஞ்சின் ஓடியது, ஆயிலுக்கான சிவப்பு லைட் மட்டும் அணையவில்லை. இஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டிய லைட் அது. எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஆயில் ஏறவில்லை என்று பொருள். அப்படியே ஓட்டினால் நடுவழியில் இஞ்சின் இறுகி நின்றுவிடும். மழையில், வயிற்றுப் பிள்ளைக்காரியோடு, ஆளில்லாத சாலையில் நிற்பதை நினைத்ததும் இஞ்சினை அணைத்துவிட்டு பானட்டைத் திறந்தேன்.

மனைவி கூடையோடு வந்தாள்.

"ஏங்க, கெளம்பலாமா? புள்ள வந்து காத்துக்கிட்டு நிக்கும்."

"லைட்டு அணைய மாட்டேங்குது."

"எரியாட்டி கவலைப்படலாம். எரியறதுக்கு என்னாங்க?"

விளக்கிச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. குடையை எடுத்து வந்து, என் தலைக்குப் பிடிக்காமல் இஞ்சினுக்குப் பிடித்தாள். அளவுக் கம்பியை மூன்று முறை துடைத்துப் பார்த்தேன். ஆயில் சரியாகவே இருந்தது. அடியில் ஒழுகலும் இல்லை. என் கைவேலையில்தான் எதுவோ கெட்டுவிட்டது என்று முடிவு செய்தேன். தேடித் தேடியே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போய்விட்டது. கடைசியாக, இஞ்சினின் பக்கவாட்டில் அந்த லைட்டுக்கான ஒயர் சேரும் சுவிட்சைப் பார்க்கக் கையை விட்டேன்.

"அங்க கைய வெக்காதீங்க," என்றாள்.

"ஏன்?"

"பூ இருக்குது."

குனிந்து பார்த்தேன். வாடிப்போன செவ்வந்திச் சரம் ஒன்று செம்புக் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. கம்பியின் ஒரு முனை சுவிட்சின் தலையில், மறு முனை இஞ்சின் இரும்பில். அந்தத் தலை இரும்போடு சேர்ந்தால் ஆயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் லைட் எரியும்.

"இத யாரு கட்டுனது?"

"நாந்தான். நீங்க மூடிக்கு மட்டும் பொட்டு வெச்சீங்க. ஓடறது உள்ளார இருக்கறதுதானுங்க? நம்ம புள்ள ஏறி வரப்போற வண்டி."

"நூல்ல கட்டக் கூடாதா?"

"எண்ணெயில வழுக்குச்சு. உங்க பொட்டியில கம்பி கெடந்துச்சு." சுவிட்சை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பூவு மேல தப்பில்லைங்க. கம்பி மேலதான். அது உங்க கம்பி."

கம்பியை அவிழ்த்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தேன். லைட் அணைந்தது. வாய்வரை வந்த திட்டு அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டது. குடை இன்னும் இஞ்சினுக்கு மேலேதான் இருந்தது. அவள் முதுகு முழுக்க நனைந்திருந்தது.

பொம்மிடிக்கு இருபது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். மகள் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். நடந்ததை மனைவி சொல்லச் சொல்ல, மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்பா, உங்களுக்குப் பயம்னா ஆயில ஊத்துவீங்க, அம்மாவுக்குப் பயம்னா பூவ வெப்பாங்க. என்னைய ஒரு வார்த்த கேட்டிருந்தா நல்லாதான் இருக்கேன்னு சொல்லியிருப்பேன்."

அந்த ஒரு வாரமும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே பயத்தை ஒருவருக்கொருவர் சொல்லாமல் சுமந்திருக்கிறோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்டேஷன் வாசலில் பூ வாங்கி, இந்த முறை ஒயர் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து, நூலால் நானே கட்டினேன். வாழ்க்கையில் எத்தனையோ ரிப்பேர் பார்த்திருக்கிறேன்; மனநிம்மதியோடு முடிந்தது அது ஒன்றுதான், அதற்கு ஆன மொத்தச் செலவு எழுபத்தைந்து காசு.