‘டிஸ்சார்ஜ்’ என்ற சொல்லோடு கொழும்பில் நான்கு நாட்கள்

செவ்வாய்க்கிழமை, காலை. வவுனியாவிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ இருநூற்றைம்பது கிலோமீற்றர். வவுனியாவை விட்டு வெளியே போக இராணுவம் தந்த பாஸ் ஏழு நாட்களுக்குச் செல்லுபடியாகும். காரணம் எழுதவேண்டிய இடத்தில் ‘சகோதரனின் சுகவீனம்’ என்று எழுதியிருந்தேன். அவனுக்குச் சுகமில்லை என்பது உண்மையா என்று எனக்கே தெரியாது.

என் தம்பி சுகந்தன் ஒரு கிரேக்கச் சரக்குக் கப்பலில் வேலை செய்துவந்தான். மூன்று வாரங்களுக்கு முன் அவனுடைய கம்பனியிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு தந்தி வந்தது. ‘சுகந்தன் டிஸ்சார்ஜ்ட் பிரேயஸ். லெட்டர் ஃபாலோஸ்.’ பிரேயஸ் என்பது கிரேக்க நாட்டுத் துறைமுகம். அது அற்லஸைப் பார்த்தால் விளங்கிவிடும். டிஸ்சார்ஜ்ட் என்றால் என்ன? நான் கணிதம் படிப்பிக்கிறவள். ஒரு குறிக்கு ஒரு பொருள் என்று பழகியவள். பாடசாலை அகராதியில் அந்தச் சொல்லுக்கு ஒன்பது பொருள்கள் இருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து விடுதல், வேலையிலிருந்து நீக்குதல், வழக்கிலிருந்து விடுவித்தல், சரக்கு இறக்குதல் என்று அது நீண்டுகொண்டே போனது. அம்மாவிடம் ஒன்றைச் சொல்லவேண்டும் என்பதற்காக, “கப்பலை விட்டு இறங்கியிட்டானாம்” என்றேன்.

மாலை நான்கு மணி. வழியில் மூன்று இடங்களில் இறக்கிச் சோதித்ததால் புகையிரதம் மிகவும் பிந்தியே கொழும்புக் கோட்டை நிலையத்துக்கு வந்தது. அங்கிருந்து நூறாம் இலக்க பஸ். காலி வீதி வழியாக வெள்ளவத்தைக்கு எட்டுக் கிலோமீற்றர். கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் லொட்ஜ். அறை வாடகை நூற்றைம்பது ரூபா, மின்விசிறியோடு என்றால் நூற்றெண்பது. வவுனியாவுக்குக் கடிதம் ஒழுங்காக வந்துசேராது என்று சுகந்தன் இந்த லொட்ஜின் விலாசத்தைத்தான் கம்பனிக்குக் கொடுத்திருந்தான்.

மனேஜர் தருமலிங்கம் அண்ணை முதலில் பொலிஸ் பதிவுப் படிவத்தை நீட்டினார். பிறகு ஒரு நீல உறையை எடுத்துத் தந்தார். “போன கிழமை வந்தது, ரீச்சர். நான் பிரிக்கேல்லை.”

அங்கேயே பிரித்தேன். உள்ளே ஒரேயொரு படிவம். முழுவதும் கிரேக்க எழுத்து. அதில் பாதி எழுத்துகளைக் கேத்திரகணிதத்திலும் திரிகோணகணிதத்திலும் நான் நாள்தோறும் எழுதுகிறேன். அல்பா, பீற்றா, தீற்றா. எல்லாம் தெரிந்த முகங்கள். ஒன்றுகூட என்னோடு கதைக்கவில்லை. சுகந்தன் கையால் எழுதிய ஒரு வரியாவது இருக்கும் என்று உறையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பின்பக்கத்தில் பிரேயஸ் விலாசம் ஒன்று மட்டும் ஆங்கிலத்தில் தட்டச்சில் இருந்தது.

“டிஸ்சார்ஜ் எண்டா வேலையால நிப்பாட்டினது,” என்றார் நான் காட்டிய தந்தியைப் பார்த்த மனேஜர், ஏதோ தன்னையே நிப்பாட்டியதுபோல.

இரவுச் சாப்பாட்டு மேசையில் அதை அவர் திரும்பச் சொன்னபோது, எதிரே இருந்த சட்டத்தரணி ஒருவரின் கிளாக்கர் தலையைத் தூக்கினார். “அப்பிடியில்லை. கோட்டில அந்தச் சொல்லுக்கு வழக்கிலயிருந்து விட்டது எண்டு அர்த்தம். தம்பி ஏதும் கேஸில மாட்டுப்பட்டவரோ?”

அதுவரை எனக்குத் தோன்றாத ஒரு பயம் அது. இடியப்பத்தைப் பாதியில் விட்டு எழுந்தேன்.

புதன்கிழமை, காலை ஒன்பது மணி. புறக்கோட்டையில் ஒரு மாடிக் கட்டடத்தில் கப்பல் ஏஜென்சி. வரவேற்பில் இருந்தவர் தந்தியைப் படித்துவிட்டுச் சிங்களம் கலந்த ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னார்: கப்பல் பிரேயஸில் சரக்கு இறக்கிவிட்டது, அவ்வளவுதான். “தந்தியில் கப்பலின் பெயர் இல்லையே, என் தம்பியின் பெயர்தானே இருக்கிறது” என்றேன். அவர் மறுபடியும் படித்தார். “ஓ” என்றார். தந்தியை மடித்துத் திருப்பித் தந்தார்.

மாடிப்படியில் நின்றுவிட்டேன். ஒரே சொல்லுக்கு மூன்று பேர் மூன்று பொருள் சொல்லிவிட்டார்கள். மூன்றையும் நான் முழுதாக நம்பிவிட்டுத்தான் அடுத்தவரிடம் போயிருக்கிறேன். முந்தைய நாள் மாலை தம்பிக்கு வேலை போயிருந்தது. இரவுச் சாப்பாட்டில் அவன் சிறைக்குப் போய் வந்தான். காலையில் சரக்கு மூட்டையானான்.

மனேஜர் ஒரு பெயர் எழுதித் தந்திருந்தார். பிலோமினா, கொட்டாஞ்சேனை. ஏதென்ஸில் பதினொரு வருடம் வீட்டுவேலை செய்துவிட்டு வந்தவர்.

காலை பத்தரை. புறக்கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு இரண்டரைக் கிலோமீற்றர். துறைமுகப் பக்கம் கெடுபிடி என்று தெரியாமல் நடந்தேன். சோதனைச்சாவடியில் கைப்பையைத் திறக்கச் சொன்னார்கள். நீல உறை வெளியே வந்தது.

“மேக்க மொகக்த?” இது என்ன என்று கேட்டான் சிப்பாய்.

கிரேக்கம் என்பதற்கு எனக்குச் சிங்களச் சொல் தெரியவில்லை. வவுனியா அடையாள அட்டை, யாருக்கும் புரியாத எழுத்து, கூடவே ஒரு தந்தி. என்னை ஓரமாகக் கிடந்த ஒரு மர வாங்கில் இருத்தினார்கள். அரை மணி கழித்து வந்த பொலிஸ் அதிகாரிக்கு நல்ல ஆங்கிலம் தெரிந்திருந்தது. அதுவே வினையாகிவிட்டது. தந்தியை இரண்டு முறை படித்துவிட்டு அமைதியாகக் கேட்டார்: “எதை டிஸ்சார்ஜ் செய்தார்? துப்பாக்கி சுடுவதற்கும் இந்தச் சொல்தான், தெரியுமா?”

அகராதியின் ஒன்பது பொருள்களில் அதுவும் ஒன்று. ஆறாவதோ ஏழாவதோ. அதை நான் அப்போது கவனியாமல் கடந்திருந்தேன்.

“எனக்கும் பொருள் தெரியாது, சேர். அதைக் கேட்கத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்” என்றேன். உண்மையைச் சொல்கிறபோது அது இவ்வளவு பொய்யாக ஒலிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

யாரிடம் என்று அவர் கேட்டார். பிறகு பிலோமினாவின் விலாசத்தை வாங்கி, ஒரு பெண் பொலிஸிடம் என்னை ஒப்படைத்தார். பிலோமினா வாசிப்பதைப் பெண் பொலிஸ் கேட்டு வந்து சொல்லட்டும், அதன்பின் பார்க்கலாம் என்றார்.

நண்பகல். பிலோமினா அக்கா மாதா கோயிலுக்குப் பின்னாலுள்ள ஒடுங்கிய வீட்டில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இராது. பொலிஸ் சீருடையைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்தார்.

“ஐயோ, ஆரும் செத்துட்டாங்களா?”

“இல்லை அக்கா. ஒரு கிரேக்கக் கடுதாசி.”

கை கழுவி வந்து படிவத்தை வாங்கினார். தலைப்பைப் பார்த்த அடுத்த கணமே முகம் மலர்ந்தது. “எக்சிதீரியோ! இது ஆஸ்பத்திரியால வீட்டுக்கு விடுறப்ப குடுக்கிற துண்டு. அங்க நான் வேலை செஞ்ச வீட்டுக் கிழவிக்கு இதே மாதிரி எத்தின வாங்கியிருக்கேன்.”

பெண் பொலிஸ் நம்பவில்லை. நிரூபிக்க முடியுமா என்று சிங்களத்தில் கேட்டார். பிலோமினா அக்கா அலுமாரியைத் திறந்து மஞ்சள் அட்டைக் கொப்பி ஒன்றைக் கொண்டுவந்தார்.

“என்ட வீட்டுக்கார அம்மாட மகள் என்னோட இங்கிலிஷ்தான் கதைப்பா. வந்த புதுசில, ‘அம்மாவுக்கு லைட்டா ஏதாச்சும் கொண்டு வா’ண்டு சொன்னா. நான் மேசை லாம்பைத் தூக்கிட்டுப் போனேன். லேசான சாப்பாடு கேட்டிருக்கா!” அவர் சிரித்தார். “அண்டைக்குத்தான் இந்தக் கொப்பி தொடங்கினேன். வெளிச்சத்துக்கு அங்க ஃபோஸ். பாரமில்லாததுக்கு எலாஃப்ரி. இங்கிலிஷ்காரன் ரெண்டுக்கும் ஒரே சொல்ல வெச்சு நம்மளக் கஷ்டப்படுத்துறான்.”

பக்கம் பக்கமாக அப்படித்தான் இருந்தது. இடது பக்கம் ஓர் ஆங்கிலச் சொல், வலது பக்கம் கிரேக்க எழுத்திலேயே இரண்டு மூன்று சொற்கள். ‘ரைட்’ என்பதற்கு வலப்பக்கம் என்றால் தெக்சியா, சரி என்றால் சோஸ்தோ. ‘டிஸ்சார்ஜ்’ கடைசிப் பக்கங்களில் இருந்தது. சரக்கு இறக்க எக்ஃபோர்தோசி. வேலையால் நிறுத்த அப்போலிசி. ஆஸ்பத்திரிக்கு எக்சிதீரியோ. பெண் பொலிஸ் கொப்பியையும் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கொட்டையெழுத்துகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எட்டு எழுத்தும் பொருந்தின. “ஹரி” என்றார். சரி என்று அர்த்தம்.

“மிச்சத்தையும் வாசியுங்கோ அக்கா,” என்றேன்.

அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். “காதக்மா. எலும்பு முறிஞ்சது. என்ட கிழவிக்கும் இடுப்பில காதக்மா. இது அரிஸ்தெரோ ஹேரி, இடது கை.”

“முழங்கைக்கு மேலயோ, மணிக்கட்டோ?”

“அது தெரியாது தங்கச்சி. அவங்களும் நம்மளப் போலத்தான். விரல்ல இருந்து தோள்மூட்டு வரைக்கும் ஹேரிதான். நம்ம கை எண்டு சொல்றதில்லையா?”

சுகந்தன் இடதுகைக்காரன். உறைக்குள் ஏன் ஒரு வரியும் இல்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் அழுதேன். பெண் பொலிஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி இருந்தார். போகும்போது தனக்கும் ஒரு தம்பி இராணுவத்தில் இருப்பதாகவும், அவனிடமிருந்து இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை என்றும் சொன்னார். அதைப் பிலோமினா அக்காதான் எனக்குத் தமிழில் சொன்னார். தலையை மட்டும் ஆட்டினேன்.

வியாழக்கிழமை, காலை. வெள்ளவத்தைத் தபாற்கந்தோருக்குப் பிலோமினா அக்காவும் வந்தார். பதில் தந்தி ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கி மூன்று படிவங்களைக் கிழித்தேன். ‘கெட் வெல்’ என்று எழுதினால், ‘வெல்’லுக்குக் கிணறு என்றும் பொருள் இருக்கிறதே என்று கை நின்றது. ‘கம் ஹோம்’ என்று எழுத எனக்குத் துணிவில்லை. எந்த வீட்டுக்கு வரச்சொல்வது?

“‘பெராஸ்திகா’ண்டு எழுதுங்க,” என்றார் அக்கா. “வருத்தக்காரருக்கு அங்க எல்லாரும் சொல்ற சொல். எல்லாம் கடந்து போகட்டும் எண்டு அர்த்தம்.”

கந்தோர்க்காரர் சொல்லைச் சந்தேகமாகப் பார்த்தார். பொருளைக் கேட்டார், சொன்னோம். உறையிலிருந்த விலாசத்துக்கு அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணிக்குத் திரும்புபயணம். வவுனியாவில் இறங்கியபோது எங்கோ தூரத்தில் ஷெல் சத்தம் கேட்டது. கொழும்பில் நான்கு நாட்களும் காகிதங்களுக்குத்தான் பயந்தேன். இங்கே பயத்துக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். “உயிரோட இருக்கிறானெல்லோ,” என்றுவிட்டு அவ அடுப்படிக்குப் போனா.

ஏறக்குறைய இரண்டு மாதத்தின்பின் சுகந்தனின் கடிதம் வந்தது. வலது கையால், சிறுபிள்ளை எழுதியதுபோல. கப்பல் அவனை விட்டுப் போய்விட்டதாம். சாப்பாட்டுக் கடை ஒன்றில் கோப்பை கழுவுகிறானாம். ஆகவே மனேஜர் சொன்ன பொருளும் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் இப்படி எழுதியிருந்தான்:

‘அக்கா, உன்ர தந்தியை அறை வாடகைக்குத் தந்த அம்மாவிட்டைக் காட்டினனான். அவ எங்கட நாட்டுச் சண்டையை ரீவியில பாக்கிறவ. வாசிச்சுப்போட்டு, “சண்டைக்குள்ள இருக்கிற அவையோ உனக்கு இதைச் சொன்னது? நீ அவைக்கெல்லோ இதைச் சொல்லவேணும்” எண்டு கேட்டவ.’