மருந்துக்கு அரைக்கிலோ வயிற்றுக்கறி

நன்றாகத் தெரிந்த கடையைத் தெரியாதது போலத் தேடி அலைவது லேசுப்பட்ட காரியம் இல்லை. என் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க அதைச் செய்தார். கெடுத்தது நான்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. வேப்பந்தட்டைப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து, அப்பாவின் ஆபீஸுக்காகப் பெரம்பலூருக்குக் குடி வந்திருந்தோம். அந்த வாடகை வீடு கிடைப்பதற்குள் அப்பா நான்கு மாதம் அலைந்துவிட்டார். போன இடமெல்லாம் முதல் கேள்வி, "நீங்க என்ன ஆளுங்க?" என்பதுதான். பதிலைச் சொன்னதும் அந்த வீடு நேற்றுத்தான் வேறு யாருக்கோ பேசி முடிந்திருக்கும். இந்த வீட்டுக்காரத் தாத்தா மட்டும் சுற்றி வளைத்து, "கறியெல்லாம் என்னென்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். "ஆடு, கோழிங்க" என்றார் அப்பா. மாதம் இரண்டு முறை வாங்கும் பன்றிக்கறியைச் சொல்லவில்லை. அம்மா அதை ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஆக்குவாள். தாத்தா முன்னால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று எனக்குக் கட்டளை. நானும் வாயைக் கட்டித்தான் வைத்திருந்தேன்.

தாத்தாவுக்கு மூலம். நின்றுகொண்டேதான் பேப்பர் படிப்பார். பன்றியின் வயிற்றுக்கறியை, அதுவும் தோலும் கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காக இருக்கிற துண்டைத் தின்றால் சூடு தணியும் என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், நம்ம மாதிரி வூடுங்கள்ல இதைத் தொடறதில்ல. மருந்துக்குத்தான். எங்க கெடைக்கும்னு கொஞ்சம் பாருங்களேன்."

"எனக்கும் தெரியாதுங்களே. தேடிப் பாப்போம்."

வண்டியில் பெட்ரோல் டேங்க் மேல் நான். பின்னால் தாத்தா, ஒரு பக்கமாகச் சாய்ந்து. பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரியாணி ஹோட்டலில் அப்பா கேட்டதும் கல்லாவில் இருந்தவர் பதறிப் போனார். "மெல்லப் பேசுங்க சார், சாப்புடறவங்க எந்திரிச்சிப் போயிருவாங்க." அடுத்த கடையில் பரோட்டா மாஸ்டர் சிரித்தார். "மருந்துக்கா? வர்றவங்க எல்லாருமே மருந்துக்குத்தான் கேக்கறாங்க. வறுவல் போட்டுட்டுத்தான் இருந்தோம், ஓனர் நிறுத்திட்டாரு." ஆட்டுக்கறிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டே அனுப்பிவைத்தார்.

ஒவ்வொரு இடத்திலும் அப்பா, "இந்த ஊர்லயே இல்ல போலிருக்கே" என்று தலையைச் சொறிந்தார். எனக்கோ பசி. வெயில் ஏறி டேங்க் தொடையைச் சுட்டது. அப்பாவுக்கு நிஜமாகவே மறந்துவிட்டது என்று நினைத்தேன். மறந்தால் எடுத்துச் சொல்ல வேண்டாமா?

"அப்பா, அரியலூர் ரோட்டுல புளியமரத்தடிக் கடை இருக்குல்ல! நாம எப்பவும் வாங்குவமே!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் தான் மட்டும்தான் கெடும். நான் குடும்பத்தையே கெடுத்தேன்.

"சின்னப் புள்ள, கோழிக்கடையச் சொல்லுது" என்றார் அப்பா.

"அங்கயுந்தான் பாத்துடுவமே" என்றார் தாத்தா.

போய் இறங்கியதுமே கறிக்காரர் வெட்டுக்கட்டைக்குப் பின்னாலிருந்து வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். "வாங்க சார், ரெண்டு வாரமா ஆளையே காணோம்? வயித்துக்கறி இன்னிக்கு அருமையா இருக்கு. எப்பவும் போல ஒரு கிலோ போடவா?"

தாத்தா அரைக்கிலோ வாங்கினார். கறுப்புப் பையைத் துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, "நீங்க போங்க, நான் பஸ்ல வந்துடறேன்" என்றார்.

"பஸ்ல கூட்டமா இருக்குங்க, உங்களுக்கு முடியாது. ஏறுங்கய்யா, மெதுவா ஓட்டறேன்."

அப்பா யாரிடமும் கெஞ்சி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தாத்தா ரோட்டைப் பார்த்தபடியே நின்றார். பின் சீட்டு முழுக்க எனக்கே கிடைத்ததில் நான் ஜம்மென்று வீடு வந்து சேர்ந்தேன்.

நாலாம் நாள் தாத்தா வாசலில் நின்றே சொன்னார். "பெங்களூர்லேருந்து மவன் குடும்பத்தோட வர்றான். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிக் குடுத்துருங்க." அன்றைக்கு 'சார்' இல்லை.

அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அப்போது அது எனக்குப் பெரிதாகத் தெரியவும் இல்லை. இப்போதுதான் தோன்றுகிறது, நாலு அறை விட்டிருந்தால் தேவலாம்.

ஊரின் இன்னொரு கோடியில் ஓர் ஒற்றை அறை வீட்டுக்குப் போனோம். இரண்டு மாதம் கழித்து அப்பாவோடு பழைய தெரு வழியாக வண்டியில் போனபோது, தாத்தா வீட்டு கேட்டில் 'வீடு வாடகைக்கு' என்று ஓர் அட்டை தொங்கியது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"அப்பா, பெங்களூர் மாமா வரல போலிருக்கு! நாம போயி கேக்கலாம்ப்பா. தாத்தாவுக்கு மருந்து வாங்கற கடையக் காட்டுனதே நாமதான? நமக்குத்தான் குடுப்பாரு."

அப்பா வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லி, தெருமுனை தாண்டும்வரை அவர் முதுகில் குத்திக்கொண்டே வந்தேன்.