சித்தி யாரையும் திருத்தாத மாலை

அம்மாவின் தங்கை எங்களோடுதான் இருந்தாள். தி.நகரில் ஒரு மாடியறையில், வேலை தேடுகிறவர்களுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுத்தாள். ஒன்று போலத் தோன்றி ஆளைக் கவிழ்க்கும் சொற்களைப் பிரித்துச் சொல்வதில் சித்தியை அடித்துக்கொள்ள ஆளில்லை. வெயிலுக்கு நாம் ஒதுங்குவதும் நமக்கு நிழல்தான், சுவரில் நம் உருவம் விழுவதும் நிழல்தான். ஆங்கிலத்தில் முதலாவது ஷேட், இரண்டாவது ஷேடோ. இரவல் வாங்கினால் பாரோ, கொடுத்தால் லெண்ட். சமைக்கிற ஆள் குக், விசிலடிக்கிற பாத்திரம்தான் குக்கர்.

இதையெல்லாம் வகுப்போடு விட்டுவிட்டு வந்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. பஸ் கண்டக்டர் முதல் எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியார் வரை அவளிடம் யாரும் தப்பியதில்லை. மனதில் துளி ஏளனம் கிடையாது. அடுத்தவர் சட்டையில் ஒட்டிய நூலை எடுத்துவிடுகிற மாதிரிதான் செய்வாள். திருத்தப்பட்டவர்களுக்குத்தான் அப்படித் தோன்றவில்லை.

இந்த நல்ல மனதால் இரண்டு சம்பந்தங்கள் கைநழுவிப் போயின. இரண்டாவது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாப்பிள்ளையின் அப்பா, “மை சன் இஸ் வெரி சென்சிடிவ்” என்று பெருமையாகச் சொன்னார். “சென்சிபிள்னு சொல்ல வந்தீங்களா அங்கிள்? சென்சிடிவ்னா தொட்டாச்சிணுங்கி” என்றாள் சித்தி. பிள்ளை முகம் சிவந்து எழுந்து வெளியே போய்விட்டார். யோசித்துப் பார்த்தால் அந்த அப்பா சரியான சொல்லைத்தான் சொல்லியிருக்கிறார்.

சாந்தோமில் எங்கள் பங்கில் கல்யாணப் பேச்சைக் கொண்டுவருவது உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஞானோபதேசம், மற்ற நாட்களில் பெரியவர்களுக்கு வரன். அவர் மூன்றாவதாக ஒரு கொட்டிவாக்கத்துக்காரரைக் கொண்டுவந்தார். தண்ணீர் பம்பு விற்கும் கம்பெனியில் வேலை. நல்ல மாதிரி, அவர்களாகவே நம் வீட்டைத் தேடிக் கேட்கிறார்கள் என்றார்.

அப்பா சித்தியை உட்காரவைத்துப் பேசினார். “யார் இன்னா தப்பா பேசினாலும் நீ வாயைத் தொறக்கக் கூடாது. தாலி ஏறட்டும், அப்புறம் ஆயுசு பூரா திருத்திக்கோ.” முப்பதைத் தாண்டியிருந்த சித்தி தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நம்பாமல் அப்பா எனக்கு ஓர் உத்தியோகம் போட்டுக்கொடுத்தார். சித்தியை ஒட்டி உட்கார வேண்டும், அவள் வாய் திறந்தால் காலை மிதிக்க வேண்டும். எட்டு வயதில் ஒரு பெரிய மனுஷியை மிதிக்க அதிகாரபூர்வமாக அனுமதி கிடைப்பதென்றால் சும்மாவா?

கொட்டிவாக்கத்து மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் ஞாயிறு மாலை வந்தார்கள். ஒல்லியாக, கூச்சமாக இருந்தார். எல்லாரும் தமிழில் பேச அவர் மட்டும் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். முகவரி குறிக்க வேண்டுமென்று என்னைப் பார்த்து, “பாப்பா, கேன் யூ பாரோ மீ யுவர் பென்?” என்றார். சித்தி நிமிர்ந்தாள். மிதித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, “மம்மி இஸ் எ வெரி குட் குக்கர்” என்றார். அந்த அம்மாள் பெருமையோடு சிரித்தார். சித்தியின் உதடு துடித்தது. மறுபடியும் மிதித்தேன். வெயிலுக்காகத் தன் பைக்கை ஷேடோவில் நிறுத்தியிருப்பதாக அவர் சொன்னபோது, சித்தி ஒரு முழு கட்லெட்டை வாயில் போட்டு அடைத்துக்கொண்டாள்.

ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு அவர் சித்தியின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். எனக்கு அது விளங்கவில்லை, ஆனால் கவனித்தேன். கடைசியில், “ஆன் சண்டேஸ் ஐ ஆம் வெரி போரிங்” என்றார். தனக்குப் பொழுது போகாது என்று சொல்ல வந்தவர், தான் ஓர் அறுவை என்று சொல்லிவிட்டார். சித்தி தண்ணீரைக் குடித்துவிட்டு, “இன்னொரு கட்லெட் வைக்கட்டுமா?” என்று மட்டும் கேட்டாள். அவர் வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, அதன்பிறகு தரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

அவர்கள் போனதும் அப்பா என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். அடுக்களையில் சித்தி, வீங்கிய காலைத் தடவிக்கொண்டே அம்மாவிடம், “அக்கா, எனக்கு இவரைப் புடிச்சிருக்குக்கா. எப்படியாவது முடிச்சிடுங்க” என்றாள். அவள் எதையும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அம்மா அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

இரண்டு நாள் கழித்து உபதேசியார் தொங்கிய முகத்தோடு வந்தார்.

“சரி வராதுன்னு சொல்லிக்கினு கீறாங்க” என்றார். “அவரு ஆபீஸ்ல ஒரு பையன் நம்ம டீச்சர்கிட்ட படிச்சவனாம். யாரா இருந்தாலும் விடாம திருத்துவாங்கன்னு அவன் சொல்லிச் சொல்லித்தான் இவரு ஆசைப்பட்டு வந்துகீறாரு. கூச்ச சுபாவம், பேச்சை எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம வேணும்னே தப்புத் தப்பா பேசிகீறாரு. யாரையும் விடாதவங்க என்னை மட்டும் விட்டுட்டாங்கன்னா என்னைப் புடிக்கலைன்னுதானே அர்த்தம்னு கேக்குறாரு. நான் இன்னா பதில் சொல்ல?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்த எனக்கு அந்தப் பார்வை எதற்கென்று புரியவில்லை.

“அவர் நம்பரைக் குடுங்க” என்றாள் சித்தி.

வேண்டாமென்று சொன்ன மாப்பிள்ளை வீட்டைப் பெண் வீட்டார் கூப்பிட்டுப் பேசுவது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். பெண்ணே கூப்பிடுவது கேள்விப்படாத காரியம். அப்பா பதறிவிட்டார். “நாமளே போன் பண்றதா? மானம் போயிடும்மா.”

“போனா போகட்டும் மாமா” என்றாள் சித்தி. “அன்னிக்கு நான் வாயை மூடிக்கினு உக்காந்ததே போதும்.”

செல்போனோடு மொட்டை மாடிக்குப் போனாள். யாரும் என்னை வேண்டாமென்று சொல்லாததால் நானும் பின்னாலேயே போனேன். அவர் எடுத்ததும் சித்தி நலம் விசாரிக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. பேனாவில் ஆரம்பித்து, அவர் வரிசையாகச் சொன்ன ஒவ்வொன்றையும் பிடித்து உலுக்கினாள். எது எதற்கு வரும், எது வராது, ஏன் வராது. மூச்சு விடவில்லை. பெற்ற தாயைக் குக்கர் என்று சொல்ல எப்படி மனசு வந்தது என்று வேறு கேட்டாள். கேட்டுக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவ்வளவு கோபமா என்று எனக்குப் பயமாகிவிட்டது. கடைசியில் அவர் மெதுவாக ஏதோ கேட்டார்.

“இன்னும் நெறைய இருக்கு” என்றாள் சித்தி. “ஞாயித்துக்கிழமை வாங்க. நாலு மணிக்கு.”

நான் கீழே ஓடிப் போய் அம்மாவிடம், சித்தி அந்த மாமாவைக் கண்டபடி திட்டிவிட்டாள், லீவு நாளில் வேறு கிளாஸுக்கு வரச் சொல்லியிருக்கிறாள், இனிமேல் அவர் இந்தத் தெருப்பக்கமே வர மாட்டார் என்றேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவும்போதே பைக் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். நன்றாகத் தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையில், திட்டு வாங்கிய மனுஷன் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். கிளாஸுக்கு இவ்வளவு சீக்கிரம் வருகிற ஆளை நான் அதுவரை பார்த்ததே இல்லை.