கல்யாணம் ஆகாதவனுக்கு மூன்று பிள்ளைகள்

காரைக்கால் பக்கத்துக் கோட்டுச்சேரிமேட்டு நீலமேகத்துக்கு முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் பாரிஸுக்குப் பக்கத்திலுள்ள ஒரு வரி ஆபீஸின் கணக்குப்படி அவனுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் முகிலன், அடுத்தவன் மணிவேல், கடைக்குட்டி காவ்யா. மூன்று பேரையும் பெற்றது அவனுடைய அக்காள் செல்லமும் அத்தான் முத்தையனும் என்பது ஊருக்கே தெரியும். வரி ஆபீஸுக்குத்தான் தெரியாது.

பிரான்ஸுக்குப் போய்ப் பதினோரு வருஷம். முதலில் ஓட்டலில் தட்டுக் கழுவினான். பிறகு அங்கே பத்து வருஷம் தங்கலாம் என்கிற கார்டு கிடைத்ததும் ஒரு பழைய வெள்ளை வேனை வாங்கினான். விடியற்காலையில் மொத்தச் சந்தைக்குப் போய் முருங்கைக்காய், வெண்டைக்காய், கறிவேப்பிலை எல்லாம் ஏற்றிவந்து தமிழ்க் கடைகளுக்குப் போடுவான். அந்த வேன்தான் அவன் சோறு. அந்த வேன்தான் கோட்டுச்சேரிமேட்டில் செல்லம் வீட்டுச் சோறும்.

வருஷா வருஷம் வருமான வரிப் படிவம் வரும். அதில் ஒரு கேள்வி: உங்கள் செலவில் வளரும் பிள்ளைகள் எத்தனை? நீலமேகம் கள்ளத்தனமாக யோசித்தவன் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டுவது யார்? அவன். செருப்பு, சைக்கிள், தீபாவளித் துணி? அவன். காது குத்தும்போது பிள்ளை உட்காருவது யார் மடியில்? தாய்மாமன் மடியில். முத்தையன் கடலுக்குப் போவதும் உண்டு, போகாமல் சீட்டாடுவதும் உண்டு. ஆகவே மூன்று என்று எழுதினான். பிறந்த தேதிகளைக்கூட ஒரு நாள் பிசகாமல் எழுதினான். அப்பன் பெயரைக் கேட்டிருந்தால் முத்தையன் என்றே எழுதியிருப்பான். யாரும் கேட்கவில்லை.

மூன்று வருஷம் ஆபீஸ் முணுமுணுக்காமல் பிள்ளைகளுக்கான வரிச் சலுகை கொடுத்தது. நாலாவது வருஷம் ஆதாரம் கேட்டு ரிஜிஸ்டர் தபால் அனுப்பியது. இங்கேதான் நீலமேகம் ஊர்ப் புத்தியைக் காட்டினான். கையெழுத்துப் போட்டு வாங்கினால்தான் தபால் வந்ததாக அர்த்தம், வாங்காவிட்டால் வரவே இல்லை என்பது அவன் ஊர்ச் சட்டம். பேங்க் நோட்டீஸ் வந்தால் கொல்லைப்புறமாகப் போய்விட்டுத் தபால்காரர் திரும்பியதும் வருகிற பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவன். தபாலாபீஸ் வைத்துவிட்டுப் போன மூன்று சீட்டுகளையும் மேசை டிராயரில் போட்டு மூடிவிட்டு, காவ்யாவுக்குக் காது குத்துவதற்காக 2006 ஆவணியில் விமானம் ஏறினான்.

அம்பகரத்தூர் கோயிலில் காது குத்து நல்லபடியாக நடந்தது. காவ்யா அழுத அழுகையில் மாமன் சட்டை நனைந்தது. பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது செல்போன் அடித்தது. பேசியது அறைத்தோழன் மன்சூர் அலி. நீலமேகம் ஊரில் இருந்த நாட்களில் வேனை ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன்தான். யாரோ அதிகாரி வந்து வேன் கண்ணாடியில் காகிதம் ஒட்டி, சக்கரத்தில் பூட்டுப் போட்டுவிட்டாராம். பேங்க் கணக்கையும் முடக்கியாயிற்று. ஒரு மாதத்துக்குள் வழி சொல்லாவிட்டால் ஏலம்.

"உள்ள நாலு பெட்டி வெண்டைக்காய் கெடக்கு. அதையும் சேத்து ஏலம் போடுவீங்களான்னு கேட்டேன். அந்தாளு சிரிக்கல," என்றான் மன்சூர்.

காகிதங்களை அவன் காரைக்காலுக்கு ஃபேக்ஸ் செய்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த பாரதிப்ரியாதான் ஊரில் பாதிப் பேருக்குப் பிரெஞ்சுக் கடிதம் படித்துச் சொல்கிறவள். படித்துவிட்டு நிதானமாக விளக்கினாள். தபாலை வாங்காவிட்டாலும் அங்கே வாங்கியதாகத்தான் கணக்கு. அந்தப் படிவத்தில் கேட்டது அவனோடு அந்த நாட்டில் வசிக்கும் பிள்ளைகளை. வாங்கிய சலுகை, அபராதம் எல்லாம் சேர்த்து நாலாயிரத்து இருநூறு யூரோ. நம்மூர்ப் பணத்தில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்.

கேள்விப்பட்ட முத்தையன் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். நாலு வருஷமாகத் தன் பிள்ளைகளுக்கு வேறு அப்பன் இருந்தது தெரியாமல் போயிற்றே என்றான். பிறகு தாராளமாக ஒரு யோசனை சொன்னான். மூன்றையும் தத்துக் கொடுத்ததாகப் பழைய தேதி போட்டு எழுதிவிடலாம், வெறும் காகிதம்தானே, தெரிந்த ஆள் இருக்கிறான்.

செல்லம் மீன் அரிந்துகொண்டிருந்தாள். அரிவாள்மனையை விட்டு எழவில்லை.

"காகிதத்துலகூட எம்புள்ளைய நான் தரமாட்டேன். வேணும்னா இவரைத் தத்து எடுத்துக்கடா தம்பி, பழைய தேதி வேணாம், இன்னைக்கே கூட்டிக்கிட்டுப் போ."

நீலமேகத்துக்கு அத்தானின் யோசனை பிடித்துத்தான் இருந்தது. வேன் போனால் மறுபடி தட்டுக் கழுவ வேண்டியதுதான். மறுநாள் பாரதிப்ரியாவிடம் மெதுவாக விஷயத்தைப் போட்டான். அவள் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பாமல், "தத்து எடுத்த புள்ளைங்க எங்க இருக்குன்னு அடுத்த லெட்டர்ல கேப்பாங்க. அதுக்கு என்ன எழுதுவீங்கண்ணே? இப்ப வேன்தான் போகுது. பொய்க் காகிதம் வச்சா கார்டும் போகும். நீங்க அங்க வெளிநாட்டுக்காரர்," என்றாள்.

பிறகு அவனே சொல்லச் சொல்ல அவள் பிரெஞ்சில் தட்டினாள். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் செலவு செய்து வளர்ப்பது உண்டு, அதனால் எழுதினேன். தப்பு என்று இப்போது தெரிகிறது. முழுப் பணமும் கட்டுகிறேன், மாதம் முந்நூறு வீதம். வேன் என் தொழில் சாமான். அதை விற்றால் உங்களுக்கு எண்ணூறு யூரோ வரும். விட்டுவைத்தால் முழுக் கடனும் வரும்.

காது குத்துப் படத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடித்தான். இது ஆதாரம் ஆகாது என்று அவள் எவ்வளவோ சொன்னாள். "ஆதாரமா அனுப்பல தங்கச்சி. நான் திருடன் இல்லன்னு தெரியட்டும்." ஃபேக்ஸில் படம் கரிச்சட்டி மாதிரிதான் போய்ச் சேர்ந்திருக்கும்.

பத்தொன்பது நாள் அவன் கடைக்கும் வீட்டுக்குமாக நடந்தான். இருபதாம் நாள் பதில் வந்தது. பதினாலு தவணைக்குச் சம்மதம். முதல் தவணை கட்டியதும் பூட்டை எடுப்பார்கள். ஒரு தவணை தவறினாலும் வேன் ஏலத்துக்குப் போகும். இணைப்பில் உள்ள படம் ஆதாரமாக ஏற்கப்படவில்லை என்று தனி வரியில் போட்டிருந்தார்கள்.

முதல் தவணையை மன்சூர் கைமாற்றாகக் கட்டினான். அதற்குப் பிறகு மாதம் முந்நூறு எங்கிருந்து வரும் என்பதற்கு ஒரே பதில்தான் இருந்தது. செல்லத்துக்கு அனுப்புகிற பணத்திலிருந்து. அதைச் சொல்ல நீலமேகம் இரண்டு நாள் வாயெடுத்து வாயெடுத்து விழுங்கினான். புறப்படும் அன்று, பெட்டியை ஆட்டோவில் ஏற்றிய பிறகு, முத்தையனைப் பார்த்துச் சொல்லிவிட்டான். பதினாலு மாதம் ஒன்றும் வராது, அத்தான்.

முத்தையன் கடல் பக்கம் திரும்பினான்.

"சரி மாப்ளே. பதினாலு மாசம் நான் அப்பனா இருந்து பாக்குறேன்."

செல்லம் அதற்கும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆட்டோ கிளம்பிவிட்டது. மறுநாள் காலை முத்தையன் படகுக்குப் போயிருந்தான் என்று பாரிஸ் அறை போனுக்குத் தகவல் வந்தது. அதற்கடுத்த நாளும் போனானா என்று நீலமேகம் கேட்கவில்லை.