நண்டுக் காலும் ஒரு நகமும்

என் மாமா ஒரு வசந்த காலம் முழுக்கக் கரண்டியால் சோறு சாப்பிட்டார். நடந்தது அவ்வளவுதான். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்தவர்கள் வீட்டில் ஏதோ பெரிய இழப்பு என்றே நினைத்திருப்பார்கள்.

மாமா அம்மாவின் தம்பி. எங்களோடு மட்டக்களப்பிலிருந்து வந்து, பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் வீட்டுச் சோபாவில் படுத்து, டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். அப்பா இன்னும் ஊரில்தான். கடிதம் வந்தால் இருக்கிறார் என்று பொருள். அம்மா நண்டுக்கறி வைக்கும் நாட்களில் மட்டும் வீடு கலகலப்பாக இருக்கும். நண்டுக் கால்களைக் குழவியால் தட்டி உடைத்துத்தான் சட்டியில் போடுவாள். அந்தச் சத்தம் பொறுக்காமல் கீழ்வீட்டுக்காரர் கூட்டுகிற தும்புத்தடியால் கீழிருந்து எங்கள் தரையை இடிப்பார்.

மேல்மாடியில் ஒரு சிலி நாட்டுக்காரர் இருந்தார். அவரும் ஓடி வந்தவர்தான். அவரிடம் விகுவெலா என்று ஒரு பழைய ஸ்பானிய வாத்தியம் இருந்தது. கிற்றாரின் அண்ணன் மாதிரி, ஆனால் இரட்டை இரட்டையாகத் தந்திகள். மாமா ஊரில் மண்டலின் வாசித்தவர் என்று அறிந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டார். தேவாலயத்தின் நிலவறை மண்டபத்தில் அவருடைய குழுவின் கச்சேரி இருந்தது. அதில் ஒரு பாட்டை மாமா தனியாக வாசிக்க வேண்டும். இந்த நாட்டுக்கு வந்த பிறகு மாமாவிடம் யாரும் கேட்ட முதல் நல்ல காரியம் அது.

சிலிக்காரர் முதலில் பெருவிரலையும் சுட்டுவிரலையும் மாற்றி மாற்றி மீட்டச் சொன்னார். பெருவிரல் சுட்டுவிரலுக்கு அடியால் உள்ளங்கைக்குள் போக வேண்டும். மாமாவின் பெருவிரல் வெளியே விறைத்துக்கொண்டு நின்றது. சரி என்று வேறு முறைக்குப் போனார்கள். சுட்டுவிரல் ஒன்றே போயும் வந்தும் தந்தியைத் தொடும். போகும்போது நகம், வரும்போது சதை. மண்டலின்காரருக்கு அது பிடிபட்டது. ஆனால் நகம் வேண்டும். அதைக் காப்பாற்ற மாமா கோப்பை கழுவ இறப்பர் கையுறை போட்டார், சோற்றுக்குக் கரண்டி எடுத்தார்.

"என்ன துரை, சோறு சுடுதோ?" என்பாள் அம்மா.

"குழம்பில ஊறினா நகம் மெதுத்துப் போகும் அக்கா. கச்சேரி முடியட்டும், மறுகா கையால சாப்பிடுறன்."

"இப்ப கரண்டி. மறுகா கத்தி, முள்ளு. மறுகா அக்கா ஆரெண்டும் தெரியாது."

கச்சேரி ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். அன்று மத்தியானம் அம்மா சிலிக்காரரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். நண்டுக்கறி. மாமா கரண்டியோடு கொஞ்ச நேரம் போராடினார். நண்டுக்கு முன்னால் கரண்டி என்ன செய்யும்? சட்டியில் முழுசாகக் கிடந்த ஒரு பெரிய காலை எடுத்து இரண்டு கையாலும் முறித்தார். நண்டும் உடைந்தது, நகமும் உடைந்தது.

"போச்சு! எல்லாம் போச்சு அக்கா!"

"நகம்தானே போனது. விரல் இருக்குத்தானே. சாப்பிடு."

காப்பாற்ற இனி ஒன்றும் இல்லாததால் மாமா ஐந்து விரலாலும் சோற்றைக் குழைத்தார். அழுகிற மாதிரி இருந்தார், ஆனால் ருசித்துச் சாப்பிட்டார். சிலிக்காரர் தன் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழும்பி வந்து, குழம்பு வழிந்த மாமாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் கத்தினார். வீட்டில் பிரெஞ்சு தெரிந்த ஒரே ஆள் நான்.

"மாமா, உங்கட பெருவிரல் உள்ளுக்கதான் போகுதாம்! சோறு குழைக்கிற மாதிரியே வாசிக்கட்டாம்! அதுக்கு நகம் வேண்டாமாம்!"

"விசர் கதை கதைக்காத" என்றார் மாமா. ஆனாலும் கையைக் கழுவிவிட்டு விகுவெலாவை எடுத்துப் பார்த்தார். பெருவிரல் சமர்த்தாக விரல்களுக்குள் நுழைந்தது.

பின்னேரம் பாட்டை மெதுவாக, வேகமான இடங்களைத் தாண்டிக் குதித்து வாசித்தார். ஒரு இடத்தில் நின்றே விட்டார். அதை நயம் என்று நினைத்து ஒரு கிழவர் தலையாட்டினார். எல்லாருக்கும் முன்னால் கைதட்டியவள் அம்மா. வரும் வழியில் மெட்ரோவில் மாமா தன் விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினார். நண்டு மணத்தது. மூவரும் சிரித்த சிரிப்பில் எதிரே இருந்த பெண்ணும் காரணம் தெரியாமல் சிரித்தாள்.

அன்றிரவு மாமா கையால்தான் சாப்பிட்டார். அம்மா மீனில் முள்ளை எடுத்துவிட்டுச் சதையை அவர் சோற்றுக் கோப்பையில் வைத்தபடி இருந்தாள்.

அன்று காலை முழுக்க நண்டு சமைத்தும் கீழ்வீட்டுக்காரர் ஒருமுறைகூடத் தரையை இடிக்கவில்லை. அவர் எங்கேயாவது வெளியே போயிருப்பார் என்றுதான் அப்போது நான் நினைத்தேன்.