நோவாவுக்கு எதிராக என் மகள்

செவ்வாய், காலை 6.40. ஜெர்மனியில், நாங்கள் வசிக்கும் வுப்பர்டாலில் ரயில் ஏறினோம். போகவேண்டிய வோர்ம்ஸ் நகரம் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். வரலாற்றுக் கட்டுரைக்காக அங்குள்ள பழைய யூதத் தொழுகைக்கூடத்தைப் பார்க்க மகள் அனுஷா தனியே புறப்பட்டிருந்தாள். நான்தான் ஒட்டிக்கொண்டேன். காரணம் உண்டு. எங்கள் தமிழ்ச் சபையின் ஞாயிறு பாடசாலைக்கு நானே ஆசிரியர். மூன்று வாரத்துக்கு முன், பெருவெள்ளத்துக்குப் பேழை கட்டித் தப்பிய நோவாவின் கதையை நடத்தும்போது, எல்லார் முன்னிலையிலும் அவள் கேட்டாள்: "ஊரே தாழப்போகுது எண்டு தெரிஞ்சும், நோவா ஏன் அயலட்டைச் சனத்துக்காகக் கடவுளிட்ட ஒரு சொல்லும் கேக்கேல்லை?" வேதத்தில் குற்றம் பிடிக்காமல் இரு என்று அதட்டிவிட்டேன். அதன்பின் அவள் வகுப்புக்கு வரவில்லை. என்னோடும் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. பதினேழு வயதுப் பிள்ளையின் மௌனத்தோடு ஒரே வீட்டில் இருப்பது லேசான காரியமல்ல.

கொலோன் தாண்டியதும் ரைன் ஆறு கூடவே வந்தது. நான் கோட்டைகளை எண்ணினேன். அவள் காதில் பாட்டு.

11.30. தொழுகைக்கூட வாசலில் பழக்கதோஷத்தில் சப்பாத்தைக் கழற்றினேன், தொப்பியையும் எடுத்தேன். வழிகாட்டிப் பெண்மணி சிரித்துக்கொண்டே இரண்டையும் திரும்பப் போடச் சொன்னார்; இங்கே ஆண்கள் தலையை மூடித்தான் உள்ளே போகவேண்டுமாம். அனுஷாவும் சிரித்துவிட்டாள். எனக்கு அதுவே பெரிய காரியம்.

1938இல் நாஜிகளால் எரிக்கப்பட்டு, பிறகு பழைய கற்களையும் சேர்த்து எழுப்பிய கூடமாம். எரிந்ததைத் திரும்பக் கட்டியவர்கள் மேல் எனக்கு எப்போதும் மரியாதை. சுவரைத் தொட்டுப் பார்த்தேன்.

அனுஷா அதே நோவா கேள்வியை வழிகாட்டியிடமும் போட்டாள். எனக்குக் காது சுட்டது. அவருக்கோ ஒரே சந்தோஷம். நோவா தன் காலத்தில் நீதிமான் என்ற வேத வரியை வைத்து, தல்மூத் என்ற யூத உரைநூலில் இரண்டு ரபிகள், அவர்களின் மதகுருக்கள், மோதுகிறார்களாம். வேறு காலத்தில் பிறந்திருந்தால் ஆள் சாதாரணம் என்கிறார் ஒருவர். கெட்டவர்கள் நடுவிலேயே நல்லவரென்றால், நல்லவர்கள் நடுவில் இன்னும் உயர்ந்திருப்பார் என்கிறார் மற்றவர். எது முடிவு என்று கேட்டேன். முடிவு எழுதவில்லை, இரண்டும் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன என்றார்.

வெளியே ஒரு கடையில் கோப்பி குடித்தோம். இரண்டு கோப்பி, 7 யூரோ.

"பிழை என்னில, பிள்ளை. அண்டைக்கு வகுப்பில உன்னை அப்பிடி அதட்டியிருக்கக் கூடாது" என்றேன்.

"நீங்கள் பிழை எண்டு நான் சொல்லேல்லையப்பா. மறுமொழி சொல்லுங்கோ எண்டுதான் கேட்டனான்."

3.20 ரயிலில் மறுமொழி சொல்லத் தொடங்கினேன். ஊர் பார்க்கப் பேழை கட்டியதே எச்சரிக்கைதானே என்றேன். கட்டியது கை, வாய்க்கு என்ன நடந்தது என்றாள். கடவுள் அழிக்கவிருந்த சோதோம் ஊருக்காக ஆபிரகாம் அவரிடமே கெஞ்சியதை இழுத்தாள். எனக்கும் குரல் ஏறிவிட்டது. உள்ளுக்குள் சொல்லமுடியாத மகிழ்ச்சி.

எதிரே இருந்த ஜெர்மன்காரர் பத்திரிகையை இறக்கி, ஏதும் பிரச்சினையா என்று அவளிடம் மெல்லக் கேட்டார். இல்லை, அப்பாவும் நானும் படிக்கிறோம் என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஓம், சொல்லுங்கோ. பிறகு?"